நாஷ்வில், ஆகஸ்ட் 1920: ஒரு சிறப்புக் கூட்டத்தொடரின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 8, ஞாயிறு

பெண்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தத்துக்கு ஒப்புதல் தரலாமா என்று முடிவெடுக்க, டென்னசி மாநிலச் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தொடர் அதன் தலைநகர் நாஷ்விலில் 1920 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. அதில் நடந்ததை இன்றிலிருந்து திரும்பிப் பார்த்து, அந்தந்தத் தேதியின் கீழ் எழுதுகிறேன். இந்தக் கூட்டத்தொடரைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்தது, அம்மாவின் கடிதத்தைப் படித்து மனம் மாறிய இளம் உறுப்பினரின் கதை. கதை உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாக்குக்குப் பலன் கிடைத்தது அவை விதிகளால். அதனால் விதிகளை விட்டுவிடாமல் எழுதப்போகிறேன்.

முதலில் கணக்கு. பாலினத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்னும் 19ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை அமெரிக்க செனட் 1919 ஜூன் 4 அன்று நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது. 48 மாநிலங்களில் 36 ஒப்புதல் தர வேண்டும். 1920 மார்ச் 22இல் வாஷிங்டன் மாநிலம் 35ஆவதாகத் தந்தது. அதோடு வண்டி நின்றுவிட்டது. ஜூனில் டெலவேர் கைவிட்டது. கனெக்டிகட், வெர்மான்ட் ஆளுநர்கள் சட்டமன்றத்தைக் கூட்டவே மறுத்தார்கள். மிச்சம் இருந்தவற்றில் நம்பிக்கை வைக்கத்தக்கவை டென்னசியும் வட கரோலினாவும்தான்.

டென்னசியில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. மாநில அரசியல் சட்டம் 2ஆம் உறுப்பு, 32ஆம் பிரிவு: கூட்டாட்சித் திருத்தம் ஒன்று அனுப்பப்பட்ட பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம்தான் அதன்மேல் முடிவெடுக்கலாம். இருந்த சட்டமன்றமோ 1918 நவம்பரில் தேர்வானது. இந்தப் பூட்டைத் திறந்தது ஒஹாயோ வழக்கு. 1920 ஜூன் 1இல் ஹாக் எதிர் ஸ்மித் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திருத்தத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் கூட்டாட்சி அரசியல் சட்டத்திலிருந்து வருகிறது, மாநிலச் சட்டம் அதில் நிபந்தனை சேர்க்க முடியாது என்றது. அந்த வழக்கு, ஒப்புதலை மக்கள் வாக்கெடுப்புக்கு விடலாமா என்பதைப் பற்றியது. ஆனால் தர்க்கம் 32ஆம் பிரிவுக்கும் பொருந்தும். ஜூன் 23 அன்று அதிபர் வில்சன் தந்தியடித்துக் கேட்டார். ஆளுநர் ஆல்பர்ட் ராபர்ட்ஸ் தன் கட்சியின் உள்தேர்தல் ஆகஸ்ட் 5இல் முடியும்வரை காத்திருந்துவிட்டு அழைப்பு விடுத்தார்.

ஆகஸ்ட் 9, திங்கள்

அவைகளின் அளவு: செனட் 33, பிரதிநிதிகள் அவை 99. உறுப்பினருக்குப் படி நாளொன்றுக்கு 4 டாலர். சிறப்புக் கூட்டத்தொடரில் ஆளுநர் அழைப்பில் குறிப்பிட்ட விஷயங்களை மட்டுமே எடுக்கலாம்.

கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆளெண்ணிக்கை, அதுதான் இந்த மாநிலத்தில் விசேஷம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் பாதிக்கு மேல் ஆள் இருந்தால் போதும். டென்னசியில் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும்: செனட்டில் 22, பிரதிநிதிகள் அவையில் 66. இந்த 66ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் தேவைப்படும்.

இரு தரப்பும் ஹெர்மிடேஜ் ஹோட்டலில்தான் முகாம். வாக்குரிமைத் தரப்பு மஞ்சள் ரோஜா, எதிர்த்தரப்பு சிவப்பு ரோஜா. தேசிய வாக்குரிமை இயக்கத்தின் தலைவர் கேரி சாப்மன் கேட் ஜூலையிலேயே வந்துவிட்டார். எதிர்ப்பு அணியை ஜோசஃபைன் பியர்சன் நடத்தினார். ஹோட்டலின் மேல்மாடி அறை ஒன்றில் மதுவிலக்கு நடப்பில் இருந்த காலத்திலேயே உறுப்பினர்களுக்கு விஸ்கி ஊற்றப்பட்டது.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

தீர்மானம் இரு அவைகளிலும் வந்தது. செனட்டில் அவைத் தலைவர் ஆண்ட்ரூ டாட் தானே கொண்டுவந்தார். பிரதிநிதிகள் அவையில் அதைச் செய்ய வேண்டியவர் பேரவைத் தலைவர் சேத் வாக்கர். ஆதரவு தருவதாக முன்பு சொன்னவர், கூட்டம் தொடங்கும் நேரத்தில் மறுபக்கம் போய்விட்டார். மெம்பிஸ் உள்ளடங்கிய ஷெல்பி மாவட்டத்து உறுப்பினர்கள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள்.

பேரவைத் தலைவரை இழப்பது ஒரு வாக்கை இழப்பது மட்டும் இல்லை. அவர்தான் யாரைப் பேச அழைப்பது, எந்தத் தீர்மானம் ஒழுங்கானது என்று முடிவு சொல்பவர். அவையை எப்போது ஒத்திவைப்பது என்பதிலும் அவர் கை ஓங்கியிருக்கும். இனி வாக்குரிமைத் தரப்பு ஒவ்வொரு படியிலும் பெரும்பான்மையைத் தலைவருக்கு எதிராகவே காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 13, வெள்ளி

செனட்: 25 – 4. 33 இடங்களில் 29 வாக்குகளே விழுந்தன. முந்தின இரவு நடந்த பொது விசாரணையில் எதிர்த்தரப்பு முழு பலத்தையும் சட்ட வாதத்தில் இறக்கியிருந்தது: மாநில அரசியல் சட்டத்தைக் காப்பதாக எடுத்த உறுதிமொழிக்கு இது துரோகம். பெண்ணுரிமையை நேரடியாக எதிர்க்கக் கூச்சப்பட்டவருக்கு உறுதிமொழி நல்ல மறைவிடம். ஏனென்றால் அதிபர் தேர்தலிலும் நகராட்சித் தேர்தலிலும் பெண்கள் வாக்களிக்க இதே சட்டமன்றம் 1919இல் சட்டம் இயற்றியிருந்தது.

இந்த 25 – 4ஐப் பார்த்து யாரும் நிம்மதியடையவில்லை, அது சரிதான். பிரதிநிதிகள் அவையின் முறை நான்கு நாள் தள்ளிப்போனது. தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் எதிர்ப்பவருக்குத்தான் லாபம். ஆதரவு தருவதாக உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குறுதிகள் ஒன்றொன்றாகக் கரைந்தன. ரயில்வே, ஜவுளி ஆலை, மதுத் தொழில் என்று பல பக்கத்திலிருந்தும் நெருக்கினார்கள். ஆளெண்ணிக்கைப் பட்டியலை வாக்குரிமைத் தரப்புப் பெண்கள் தினமும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. மெம்பிஸ் உறுப்பினர் ஜோ ஹானோவர் உள்ளே இருந்து அந்தப் பட்டியலைக் கட்டிக்காத்தார். மிரட்டல் அதிகமாகி அவருக்குக் காவலர் போடும் நிலை வந்தது.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

இரண்டு செய்திகள். வட கரோலினா செனட் 25 – 23 வாக்கில் திருத்தத்தை அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவிட்டது. ஆக டென்னசி ஒன்றே மிச்சம். நாஷ்விலில் பிரதிநிதிகள் அவை விவாதத்தைத் தொடங்கி, வாக்கெடுக்காமல் மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தது. தங்கள் ஆட்கள் ஊரைவிட்டுப் போய்விடாமல் இருக்க வாக்குரிமைத் தரப்பு அன்றிரவு ரயில் நிலையத்திலும் ஹோட்டல் வாசலிலும் கண்வைத்தது.

ஆகஸ்ட் 18, புதன்

இந்த நாளை மெதுவாகப் படிக்க வேண்டும். அவையில் வாக்களித்தவர்கள் 96 பேர்.

செனட் தீர்மானத்துக்கு உடன்படலாமா என்பதே கேள்வி. விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது வாக்கர் நாற்காலியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவந்து, இதைக் கிடப்பில் போட வேண்டும் என்று முன்மொழிந்தார். அமெரிக்க அவைகளில் அதற்கு விவாதம் கிடையாது, சாதாரணப் பெரும்பான்மை போதும், நிறைவேறினால் விஷயம் செத்தது. திருத்தத்தை எதிர்த்ததாகப் பெயர் வாங்காமலே கொல்ல நினைப்பவருக்கு இதைவிட வசதியான வழி இல்லை.

பெயர் அழைத்து வாக்கெடுப்பு: 48 – 48. கிடப்பில் போட ஆதரவு தருவார் என்று வாக்கர் கணக்குப் போட்டிருந்த உறுப்பினர் பேங்க்ஸ் டர்னர் மறுபக்கம் நின்றார். வாக்கர் மறு எண்ணிக்கை கேட்டார், டர்னரின் இருக்கைக்கே போய்த் தோளில் கைபோட்டுக் காதில் பேசினார். இரண்டாம் முறையும் 48 – 48.

சமநிலை விழுந்தால் முன்மொழிவு தோற்கும். அதனால் கிடப்பில் போடும் முயற்சி தோற்றது. இதே விதி அடுத்த நிமிடமே எதிர்ப்பக்கம் திரும்பும். முக்கியத் தீர்மானத்தில் மறுபடி 48 – 48 விழுந்தால் திருத்தம் தோற்றுப்போகும். எதிர்த்தரப்பு உடனே முக்கிய வாக்கெடுப்புக்குக் குரல் கொடுத்தது இதனால்தான். 48 பேர் கைவசம் இருப்பதாக இரண்டு முறை எண்ணிப் பார்த்தாகிவிட்டது, அந்த 48 போதும்.

அந்த 48 பேரில் ஒருவர் மெக்மின் மாவட்டத்து ஹாரி பர்ன், வயது 24, சட்டையில் சிவப்பு ரோஜா. கிடப்பில் போட இரண்டு முறையும் ஆதரவு தந்தவர். அகர வரிசையில் அவர் பெயர் ஆரம்பத்திலேயே வரும். ஆதரவு என்றார். பையில் அம்மா ஃபெப் பர்ன் எழுதிய கடிதம் இருந்தது. டர்னர் பெயர் வந்தபோது அவர் பதில் சொல்லவில்லை. பட்டியல் முடிந்ததும் எழுந்து, தன்னை ஆதரவாகப் பதியச் சொன்னார். 49 – 47.

பர்ன் மட்டும் மாறி டர்னர் மௌனமாகவே இருந்திருந்தால் 48 – 47. அப்போதும் வாக்களித்தவர்களில் பெரும்பான்மைதான், ஆனால் 99 பேரில் பாதிகூட இல்லை என்று நீதிமன்றத்தில் வாதாட இடம் இருந்திருக்கும். டர்னரின் பெயரும் பர்னின் பெயரும் சேர்ந்தே நினைவில் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து வாக்கர் செய்தது சுவாரசியமானது. தன் வாக்கை ஆதரவாக மாற்றிக்கொண்டார். கணக்கு 50 – 46 ஆனது. வென்ற பக்கத்தில் வாக்களித்தவர்தான் மறுபரிசீலனை கேட்க முடியும் என்பது விதி, அந்த உரிமைக்காகத்தான் மாறினார். ஆனால் 99இல் பாதிக்கு மேல் என்றால் 50. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஓட்டையைத் தீர்மானத்தின் பெரிய எதிரியே அடைத்துக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 19, வியாழன்

லஞ்சம் வாங்கித்தான் மாறினார் என்று பர்ன்மேல் குற்றச்சாட்டு. அவர் அவையில் தன்னிலை விளக்கம் கொடுத்து அதைக் குறிப்பேட்டில் பதியவைத்தார்: முழு வாக்குரிமையை உரிமையாகவே நம்புகிறேன், தாயின் அறிவுரையைக் கேட்பது மகனுக்கு நல்லது. நவம்பர் தேர்தலில் அவர் திரும்பவும் வென்றார்.

மறுபரிசீலனைக்கு வாக்கருக்கு விதிப்படி இருந்த அவகாசம் குறுகியது. அதற்குள் அதை எடுக்க அவர் ஒருவருக்கே உரிமை, அது கழிந்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த இடைவெளியில் ஓரிரு வாக்குகளைத் திருப்பினாலே போதும். திருப்ப முடியவில்லை. 49 பேரும் அசையாமல் நின்றார்கள்.

ஆகஸ்ட் 21, சனி

வாக்கு கிடைக்காத எதிர்த்தரப்பு கோரத்தை உடைக்கப் பார்த்தது. 30க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இரவோடு இரவாக ரயிலேறி மாநில எல்லை தாண்டி அலபாமாவின் டெகாட்டர் நகருக்குப் போய்விட்டார்கள். உறுப்பினர்களை விடுதியில் கொண்டுபோய் அடைப்பது நமக்கும் பழகிய செய்தி, ஆனால் அது ஆள் குறையாமல் காக்க. இது ஆளைக் குறைக்க. எல்லை தாண்ட வேண்டிய காரணம் எளிது: வராத உறுப்பினரைப் பிடித்து வர அவைக் காவலருக்கு உள்ள அதிகாரம் டென்னசிக்குள் மட்டுமே செல்லும்.

99இல் 34 பேர் இல்லாவிட்டால் 66 வராது. மீதி இருந்தவர்கள் கூடினார்கள். கோரம் இல்லை என்று வாக்கர் தீர்ப்பளித்தார். அவர்கள் அதை ஏற்காமல் மறுபரிசீலனையை எடுத்து, எதிர்ப்பின்றித் தோற்கடித்தார்கள். மாநில விதிப்படி பார்த்தால் இந்த நடவடிக்கை பலவீனமானது, ஒளிக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பதில் ஹாக் எதிர் ஸ்மித் வழக்குதான்: ஒப்புதல் தருவது கூட்டாட்சிப் பணி, மாநிலத்தின் மூன்றில் இரண்டு பங்கு நிபந்தனை அதைக் கட்டாது.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

சான்றிதழில் கையெழுத்திடக் கூடாது என்று உள்ளூர் நீதிபதி ஒருவர் ஆளுநருக்குத் தடையுத்தரவு போட்டிருந்தார். மாநிலத் தலைமை நீதிபதி அதை நீக்கியதும், ராபர்ட்ஸ் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் நாட்டின் தலைநகர் வாஷிங்டனுக்கு அனுப்பினார்.

ஆகஸ்ட் 26, வியாழன்

தபால் விடியற்காலையில் வந்து சேர்ந்தது. வெளியுறவுச் செயலர் பெயின்பிரிட்ஜ் கோல்பி காலை 8 மணிக்குத் தன் வீட்டிலேயே கையெழுத்திட்டார். விழா இல்லை, புகைப்படக்காரர் இல்லை, பெண்கள் ஒருவரும் இல்லை. இன்னொரு நீதிமன்றத் தடை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். 1818 சட்டப்படி, போதிய மாநிலங்களின் சான்றுகள் வந்துவிட்டன என்று அறிவிப்பது அந்தச் செயலரின் வேலை. சான்று முறையாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு அது முடிகிறது, டெகாட்டருக்குப் போன ரயிலை அவர் விசாரிக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறு. அந்த நவம்பரில் ஜார்ஜியா, மிசிசிப்பி பெண்கள் வாக்களிக்க முடியவில்லை, பதிவுக்கான கெடு முன்பே முடிந்துவிட்டது என்று அந்த மாநிலங்கள் சொல்லிவிட்டன. தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோரை, வாக்களிக்கக் கட்ட வேண்டியிருந்த தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் மிரட்டலும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்வரை வெளியே நிறுத்திவைத்தன.

ஆகஸ்ட் 31, செவ்வாய்

டெகாட்டர் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கோரம் சேர்ந்தது. செனட் தீர்மானத்துக்கு உடன்படவில்லை என்று பிரதிநிதிகள் அவை 47 – 24 வாக்கில் முடிவெடுத்தது. வாஷிங்டன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. செப்டம்பர் நடுவில் கனெக்டிகட்டும் ஒப்புதல் தந்தபோது, டென்னசியைக் கழித்தாலும் 36 நிற்கும் என்றாயிற்று.

சட்டக் கேள்விக்குக் கடைசி விடை 1922 பிப்ரவரி 27 அன்று வந்தது, லெசர் எதிர் கார்னெட் வழக்கில். பால்டிமோரில் இரண்டு பெண்கள் வாக்காளராகப் பதிந்ததை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. டென்னசியும் மேற்கு வர்ஜீனியாவும் தங்கள் அவை விதிகளையே மீறின என்பது வாதங்களில் ஒன்று. நீதிபதி பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பு: மாநிலம் முறையாகச் சான்றளித்து, அதைச் செயலர் ஏற்று அறிவித்துவிட்டால் நீதிமன்றங்கள் அதற்குப் பின்னால் போய்த் தோண்டாது. 32ஆம் பிரிவு, 66 பேர் கோரம் இரண்டும் அதோடு வழக்கிலிருந்து விழுந்தன.