உவர்மலை வீட்டில் இரண்டு 192.168.1.1

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்பகுதி தாத்தா காலத்தில் கட்டப்பட்டது. சுவர்கள் ஒன்றரை அடித் தடிப்பு. பின்வளவில் அக்கா குடும்பத்துக்காகப் பிற்காலத்தில் கட்டிய இரண்டு அறைகளும் ஒரு குசினியும் கொன்கிறீற் தட்டுக்குக் கீழே இருக்கின்றன. ஃபைபர் இணைப்பு முன்கூடத்துக்கு வந்து அங்குள்ள ரவுட்டரில் முடிகிறது. பின்னறைகளுக்கு அதன் அலை போய்ச் சேர்வதேயில்லை. சேர்ந்தாலும் ஒரு கோடுதான் தெரியும். உயர்தரம் படிக்கும் மருமகள் மாலை வகுப்புக்காகத் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்து நிற்பதைப் பல நாள் பார்த்த பிறகுதான், அலுமாரியில் கிடந்த பழைய ஏ.டி.எஸ்.எல். (தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும்) ரவுட்டரைப் பின்வீட்டில் வைத்து வைஃபை தரும் பெட்டியாக மட்டும் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தேன்.

அலையைப் பிடித்து மறுபடி அனுப்பும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் பல அலையை ஒரே உறுப்பால் வாங்கி அதே உறுப்பால் திருப்பிக் கொடுப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதோடு, பெட்டியை வைக்கும் இடத்தில் முதலில் நல்ல அலை இருக்க வேண்டும். எங்கள் சுவர்களுக்கு அது சரிவராது. வயர் இழுப்பதுதான் சரியான வழி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பழைய ஏ.டி.எஸ்.எல். பெட்டியில் தொலைபேசிக் கம்பியைச் செருகும் துளையை மறந்துவிட்டால், எஞ்சுவது நான்கு லான் போர்ட்டுகள் (வீட்டுக் கருவிகளின் வயரைச் செருகும் துளைகள்) கொண்ட, வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு ஸ்விட்சும், வைஃபை அலை தரும் ஓர் உறுப்பும். நமக்குத் தேவையானவை அந்த இரண்டும் மட்டுமே. முன்ரவுட்டரின் லான் போர்ட் ஒன்றிலிருந்து பின்ரவுட்டரின் லான் போர்ட் ஒன்றுக்கு வயர் போக வேண்டும். உங்கள் பழைய ரவுட்டரில் இணையத்துக்கென்று வேறு நிறத்தில் ஒரு வான் (WAN) போர்ட் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதில் செருகினால் பின்வீடு தனி வலையமைப்பாகப் பிரிந்து, வெளியே போகும் தரவின் முகவரியை ரவுட்டர் மாற்றி எழுதுவது இரண்டு தடவை நடந்து, முன்கூடத்து அச்சுப்பொறி பின்னறைக் கணினியின் கண்ணில் படாமல் போகும்.

அமைப்பில் செய்ய வேண்டிய மாற்றங்கள் இரண்டே. பின்ரவுட்டரின் சொந்த முகவரியை, முன்ரவுட்டரின் அதே வரிசையில் ஆனால் வேறு எண்ணாக மாற்ற வேண்டும், முன்னது 192.168.1.1 என்பதால் பின்னதற்கு 192.168.1.2 கொடுத்தேன். அடுத்ததாக, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையைப் பின்ரவுட்டரில் நிறுத்த வேண்டும். இரண்டையும் செய்தேன். அன்று இரவே மருமகள் தன் மேசையிலிருந்தபடி வகுப்பில் இருந்தாள். இரண்டு நாள் எந்தக் குறையும் இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் மின்சாரம் போய் ஒரு மணிநேரம் கழித்து வந்தது. அதன் பிறகு வீடு முழுவதும் குழம்பிப்போனது. “மாமா, வைஃபை முழுசாக் காட்டுது, ஆனா ஒண்டும் திறபடுதில்லை” என்று மருமகள் வந்து சொன்னாள். அவளுடைய தொலைபேசியில் நான்கு கோடுகளும் நிறைந்திருந்தன. அக்காவின் தொலைபேசியிலோ எல்லாம் திறந்தது. முன்கூடத்துத் தொலைக்காட்சி, பின்வீட்டு ரவுட்டரை எட்டிக்கூடப் பார்க்காத ஒன்று, பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றது, பிறகு தானாக ஓடியது. முன்வீடும் கெட்டதால் இணைப்பு தரும் நிறுவனத்தின் பக்கம் பழுது என்று எண்ணி முன்ரவுட்டரை ஐந்து முறை நிறுத்தி இயக்கினேன். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் சரியாக இருந்ததால் என் தவறான எண்ணம் உறுதிப்பட்டதே ஒழிய, உண்மை தெரியவில்லை. ஒரு மாலை முழுவதும் இப்படியே போனது.

உண்மையைக் காட்டியது மிக எளிய ஒரு செயல். முன்ரவுட்டரில் இருந்து பின்வீட்டுக்குப் போகும் வயரைக் கழற்றினேன். முன்வீட்டுக் கருவிகளின் வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டதும் எல்லாம் சீராகின. அரைமணி நேரம் காத்திருந்தும் கெடவில்லை. வயரை மீண்டும் செருகினேன். சிறிது நேரத்தில் தொலைக்காட்சி மறுபடி நின்றது. பழுது ஃபைபரிலும் இல்லை, முன்ரவுட்டரிலும் இல்லை, அந்த வயரின் மறுமுனையில் இருக்கிறது என்பது அதோடு தெளிவாயிற்று. இரண்டாம் ரவுட்டர் ஒன்றை வைத்திருக்கும் எவரும், வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

பின்னர் மடிக்கணினியைப் பின்வீட்டில் வயரால் இணைத்து, கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஏ.ஆர்.பி. அட்டவணையைப் பார்த்தேன். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஏ.ஆர்.பி. என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஏ என்ற எழுத்து, கட்டளை இவ்வளவுதான். கணினி எந்தெந்த ஐ.பி. முகவரியை எந்தெந்தப் பெட்டியின் மேக் முகவரியோடு (கருவியில் பதிந்திருக்கும் அடையாள எண்ணோடு) சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது என்பதை அது காட்டும். 192.168.1.1 என்ற வரிக்கு எதிரே இருந்த பன்னிரண்டு குறிகளைத் தாளில் எழுதிக்கொண்டேன். ரவுட்டர்களைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த தாள்களோடு ஒப்பிட்டபோது, அது முன்ரவுட்டரின் மேக் முகவரி அல்ல, பின்ரவுட்டருடையது. சில நிமிடங்கள் கழித்து அதே கட்டளையை இட்டபோது அதே வரிக்கு எதிரே முன்ரவுட்டரின் மேக் முகவரி நின்றது. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடுகள் இருந்தால் தபால்காரர் என்ன செய்வாரோ, அதைத்தான் எங்கள் கருவிகள் செய்துகொண்டிருந்தன.

நடந்தது இதுதான். அந்தப் பழைய பெட்டியில் ஒவ்வொரு அமைப்புப் பக்கத்தின் கீழும் திரையில் உள்ள பொத்தானை அழுத்தினால் மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும், ஆனால் நிலையான நினைவகத்தில் பதியாது. பதிப்பதற்கு வேறொரு பக்கத்தில் தனிப் பொத்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்துக்குப் போகவேயில்லை. மின்சாரம் போனதும் பெட்டி என் மாற்றங்களை மறந்து, பழையபடி 192.168.1.1 என்ற முகவரியோடும், டி.எச்.சி.பி. சேவையோடும் எழுந்துவிட்டது.

அதன் விளைவு இரண்டு வகையாக இருந்தது. ஒரு தொலைபேசி வைஃபையில் சேரும்போது “எனக்கு முகவரி தருபவர் யார்?” என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கிறது, பொதுவாக முதலில் வந்த பதிலையே ஏற்றுக்கொள்கிறது. முன்ரவுட்டர் முந்தினால் நல்ல முகவரியும் இணையத்துக்கு வழியும் கிடைக்கும். பின்ரவுட்டர் முந்தினால் முகவரி கிடைக்கும், ஆனால் தொலைபேசிக் கம்பியே இல்லாத அந்தப் பெட்டிக்கு வெளியே போகும் வழி எது? இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே எண்ணை இரு கருவிகளுக்குக் கொடுக்கவும் இடமுண்டு. அதற்கு மேலாக, முன்ரவுட்டரிடம் முறையாக முகவரி வாங்கிய கருவிகளும் தப்பவில்லை. அவை அவ்வப்போது “192.168.1.1 யார்?” என்று கேட்கும்போது இரண்டு பெட்டிகளும் “நான்தான்” என்று பதில் சொல்லின. எந்தப் பதில் நிலைக்கிறது என்பது வந்த வரிசையையும் கருவியின் மென்பொருளையும் பொறுத்தது. தொலைக்காட்சி ஓடியும் நின்றும் அலைந்ததற்கும், அக்காவின் தொலைபேசி மட்டும் தப்பியதற்கும் இதுவே காரணம். தொலைபேசியில் தெரியும் கோடுகள், பக்கத்திலிருக்கும் பெட்டிக்கும் தொலைபேசிக்கும் இடையிலான அலையை மட்டுமே அளக்கின்றன. அந்தப் பெட்டிக்குப் பின்னால் இணையம் இருக்கிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது.

திருத்தும்போது வயரை முன்ரவுட்டரிலிருந்து கழற்றிவிட்டு, மடிக்கணினியைப் பின்ரவுட்டரோடு மட்டும் இணைத்தேன். மடிக்கணினிக்கு 192.168.1.50 என்ற முகவரியையும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கையும் (வலையமைப்பின் எல்லையைக் குறிக்கும் எண்ணையும்) கையால் கொடுத்தேன். டி.எச்.சி.பி. சேவையை நிறுத்தியதும் முகவரி தருவார் இல்லாமல் போய், அமைப்புப் பக்கமே திறக்காமல் தவிப்பவர்கள் பலர். கையால் கொடுத்துவிட்டால் அந்தத் தவிப்பு இல்லை. முகவரியை 192.168.1.2 ஆக்கி, புதிய முகவரியில் மறுபடி நுழைந்து, டி.எச்.சி.பி. சேவையை நிறுத்தி, இம்முறை நிலையான நினைவகத்தில் பதிந்தேன். பிறகு மின்செருகியைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போட்டு, மாற்றங்கள் நிலைத்திருப்பதைக் கண்ணால் பார்த்த பின்னரே வயரை இணைத்தேன். முன்ரவுட்டரில் முகவரி வழங்கும் எல்லையை 100 முதல் 200 வரை என்று குறுக்கினேன்; இல்லாவிட்டால் அது என்றாவது ஒரு நாள் 2 என்ற எண்ணை யாருடைய தொலைபேசிக்காவது கொடுத்துவிடக்கூடும். கடைசியாக எல்லாக் கருவிகளின் வைஃபையையும் அணைத்துப் போட வேண்டியிருந்தது, ஏனென்றால் தவறான பெட்டியிடம் வாங்கிய முகவரியைத் தவணை முடியும்வரை சில கருவிகள் வைத்துக்கொண்டிருக்கும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆறு வாரம் கழித்துப் பின்வீட்டில் மட்டும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. இம்முறை பதற்றப்படாமல் பின்னறையில் அமர்ந்து படிப்படியாகப் பிங் செய்தேன், அதாவது ஒரு முகவரிக்குச் சிறு தரவுப் பொதிகளை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தேன். 192.168.1.2 ஒரு பொதியும் தவறாமல் பதில் தந்தது, 192.168.1.1க்கு அனுப்பிய 100 பொதிகளில் 17 திரும்பவில்லை. ஆக, வைஃபை நன்றாக இருக்கிறது, பெட்டி நன்றாக இருக்கிறது, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில்தான் கோளாறு. சற்று நேரத்தில் மடிக்கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்துவிட்டது. முகவரி கேட்டு எவரும் பதில் தராதபோது கணினி தானே தனக்கு வைத்துக்கொள்ளும் எண் அது. அதைக் கண்டால் டி.எச்.சி.பி. சேவையிடமிருந்து பதில் வந்து சேரவில்லை என்று பொருள்கொள்ளலாம்.

வயரின் நீளம் சுமார் 30 மீற்றர். இந்த வகை வயருக்கு 100 மீற்றர்வரை அனுமதி உண்டு என்பதால் தூரம் காரணமல்ல. முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய எட்டுத் தகடுகளில் மூன்றில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. முனை பின்வீட்டு விறாந்தையில், சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் உப்புக்காற்று பூட்டையும் பிணைச்சலையும் தின்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். இந்த மெல்லிய தகடுகளை மட்டும் விட்டுவைக்குமா? வயரின் உள்நரம்பு ஒன்றைக் கத்தியால் சுரண்டியபோது செப்பு நிறத்தின் கீழே வெள்ளி நிறம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம். மலிவாகக் கிடைக்கிறது, வளைத்தால் முறிகிறது, ஈரத்தில் விரைவாகக் கெடுகிறது. கடலோர வீட்டுக்கு அதை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிரதான வீதியில் முழுச் செம்பு வயர் வாங்கி, பி.வி.சி. குழாய்க்குள் இழுத்து, இரு முனைகளும் அறைக்குள்ளேயே முடியுமாறு அமைத்தேன். நரம்புகளின் வரிசை இடமிருந்து வலமாக: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். தகடுகள் மேலே தெரியுமாறும், தாழ்ப்பாள் கீழே இருக்குமாறும் முனையைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். பச்சை இணையை நீலத்தின் இரு பக்கமும் பிரித்து வைப்பதை மறந்து, இணை இணையாக அடுக்கிவிடுவதுதான் வீட்டில் முனை போடுவோர் செய்யும் வழக்கமான பிழை. அப்படிப் போட்ட வயர் விளக்கை எரியவைக்கும், ஆனால் ஓட்டத்தில் பொதிகளைத் தவறவிடும். பழைய பெட்டியின் போர்ட் 100 மெகாபிட் வகையானதால் பின்வீட்டில் அதற்கு மேல் வேகம் வராது. வகுப்புக்கும் காணொளிக்கும் அது தாராளம்.

அலைவரிசை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றையொன்று மேவாத தடங்கள் 1, 6, 11 என்பதால் முன்ரவுட்டரை 1 இலும் பின்ரவுட்டரை 11 இலும் நிறுத்தினேன். சோதனை முடியும்வரை இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்திருந்தேன். எந்தப் பெட்டியோடு பேசுகிறோம் என்று தெரியாமல் பழுது தேட முடியாது. எல்லாம் சீரான பிறகே ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்தேன்.

இடிமின்னல் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடி முழங்கும்போது, இரு கட்டடங்களை இணைக்கும் செப்பு வயர் வழியே மின்னலின் வீச்சு பாய்ந்து இரண்டு ரவுட்டர்களையும் ஒன்றாகப் பழுதாக்கிவிடக்கூடும். வானம் கறுக்கத் தொடங்கியதும் மின்செருகிகளோடு அந்த வயரையும் இரு முனையிலும் கழற்றும் வேலையை மருமகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். சென்ற வாரம் மழை விட்டு, மின்சாரமும் வந்த பிறகு, வயரைச் செருகுவதற்கு முன் மடிக்கணினியில் 192.168.1.2 ஐத் திறந்து பார்த்துவிட்டு உள்ளிருந்தபடியே கூப்பிட்டுச் சொன்னாள்: “மாமா, டி.எச்.சி.பி. நிப்பாட்டினபடிதான் கிடக்கு. வயரைக் கொழுவட்டா?”