பம்பைக் கழற்றாமல் பழைய டிராக்டரைச் சரிசெய்த அனுபவம்

சோழவரத்தில் மாமாவிடம் ஒரு பழைய மாசி ஃபெர்குசன் 1035 டிராக்டர் இருக்கிறது. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் என்ஜின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தத்தோடு அனுப்பும் ரோட்டரி டீசல் பம்ப். 1960இல் தொடங்கிய, இந்த டிராக்டரைச் செய்யும் டாஃபேயும், 1840இல் வேர்விட்ட சிம்ப்சனும் சென்னைக் கம்பெனிகள் என்பதால் இந்த வண்டிக்கு உதிரிபாகம் தேடி நான் அலைந்ததில்லை. அம்பத்தூரிலிருந்து விடுமுறை நாட்களில் போய் இதோடு மல்லுக்கட்டுவது எனக்கு மிகப் பிடித்த பொழுதுபோக்கு.

இந்த முறை சம்பா உழவு நேரத்தில் படுத்துவிட்டது. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை மாட்டி இறக்கினால் அரை மணி நேரம் அருமையாக ஓடும். அப்புறம் இழுவை குறையும், என்ஜின் சத்தம் ஏறி இறங்கும், நின்றுவிடும். ஏர் எடுத்து, அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி, செல்ஃப் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகும், மறுபடி அரை மணி நேரம் ஓடும். லோடு இல்லாமல் ரோட்டில் போனால் ஒரு தொந்தரவும் கிடையாது. வந்து பார்த்த மெக்கானிக் பம்ப் போய்விட்டது, கழற்றிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். மாமாவும், “நீயும் ஒருமுறை பார்த்துடுடா, இல்லேன்னா கழட்டிடலாம்” என்றார்.

டீசல் பம்பைக் கழற்றுவது கடைசி வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கழற்றினால் டைமிங் (டீசல் பீச்சும் நேரம்) பார்த்துப் பூட்ட வேண்டும், டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளவு பிடிக்க வேண்டும், செலவும் பெரிது. அதனால் முதலில் புகையைப் பார்த்தேன். கறுப்புப் புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு என்று பொருள். ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் ஒழுகலாம். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை பெரும்பாலும் எரியாமல் போகும் டீசல். இந்த வண்டி இழுவை குறையும்போது கறுப்பாகவே புகைக்கவில்லை. நிற்பதற்கு முன் மெல்லிய வெள்ளைப் புகை, அவ்வளவுதான். லோடில் திணறும் டீசல் என்ஜின் கறுப்பாகப் புகைக்கவில்லை என்றால், அதற்குத் தீனி போய்ச் சேரவில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

கம்ப்ரெஷன் மேலும் சந்தேகம் வரவில்லை. ரிங்கும் லைனரும் தேய்ந்திருந்தால் என்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாயில் புகை குபுகுபுவென்று வரும். இங்கே லேசான ஆவி மட்டும்தான். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தேன். ஆயிலில் டீசல் வாடை இல்லை, மட்டமும் ஏறவில்லை. டாங்கிலிருந்து டீசலை இழுத்து டீசல் பம்புக்குத் தரும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருந்தால் டீசல், ஆயில் தேங்கும் சம்பில் இறங்கி ஆயில் மட்டம் கூடும். அதுவும் இல்லை என்று தெரிந்தது.

மிச்சம் இருந்தது டாங்கிலிருந்து பம்ப் வரையிலான வழி. டாங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. மூடியைத் தளர்த்தி விட்டு ஓட்டச் சொன்னேன், அதே மாதிரிதான் நின்றது. ஃபில்டரை மாற்றினோம். கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. இந்த ரோட்டரி பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. தண்ணீர் போனால் பம்ப் நிஜமாகவே போய்விடும். அதனால் தண்ணீரை வடித்தது நல்லதுதான். ஆனால் நோய் அது இல்லை.

அடுத்து டாங்கிற்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்கும் கண்ணாடி மாதிரியான ஹோஸ் ஒன்றைச் சைலன்சர் பக்கம் போகாமல் கட்டினேன். நிறுத்தி வைத்திருக்கும்போது சுத்தமான டீசல். லோடு போட்டு ஓட்டிய பிறகு மெல்ல மெல்லக் குமிழிகள் ஓட ஆரம்பித்தன.

இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் யோசித்தேன். இந்த வண்டியில் டாங்க் என்ஜினுக்கு மேலே இருக்கிறது. மேலிருந்து இறங்கும் டீசல் லைனில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியுமே தவிர, காற்று உள்ளே போகாது. காற்று போகிறது என்றால் ஃபீட் பம்ப் இழுக்கிற வேகத்துக்கு மேலிருந்து டீசல் வரவில்லை, அந்த லைனில் உறிஞ்சல் உண்டாகிறது. ஆகவே கோளாறு இரண்டு. மேலே எங்கோ அடைப்பு, கீழே எங்கோ தளர்ந்த இணைப்பு. தடவிப் பார்த்தேன். டாங்க் அடியில் திறந்து மூடும் குழாய்க்குக் கீழே ஹோஸ் கிளிப் பக்கம் ஈரம் பிசுபிசுத்தது. வண்டி நிற்கும்போது கசியும் அதே இடம், லோடில் காற்றை உறிஞ்சுகிறது.

அடைப்பைப் பிடிக்க டாங்க் குழாயைத் திறந்து பக்கெட்டில் டீசலை விட்டேன். முதலில் நல்ல தடிமனாக விழுந்தது. பலரும் இத்தனையோடு மூடிவிடுவார்கள். நான் விட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தாரை மெலிந்து, பிறகு நூல் போல் ஆனது. குழாயை மூடிக் காத்திருந்து திறந்தால் மறுபடி தடிமன். அரை மணிக் கணக்கு இப்போது புரிந்தது. ஓட்டம் இருக்கும்போது அழுக்கு இழுபட்டு வந்து டாங்க் குழாயின் சல்லடையில் ஒட்டுகிறது, வண்டி நின்றதும் உதிர்ந்து மிதந்து போகிறது. ஏர் எடுப்பதற்குள் அடைப்பு தானாகவே விலகியிருக்கும். ஏர் எடுத்ததால் சரியானது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

டாங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் துருச் செதில், கறுப்புப் பாசி மாதிரி ஒரு கசடு, கேனிலிருந்து ஊற்றும்போது விழுந்த பிளாஸ்டிக் துண்டு எல்லாம் வந்தன. டீசலிலேயே அலசிச் சுத்தம் செய்தோம். ஹோஸ், கிளிப், காப்பர் வாஷர் எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கி மாற்றினேன். ஏர் எடுக்கும்போது ஃபீட் பம்பின் கை லீவர் தொளதொளவென்று இருந்தால் பம்ப் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஃபீட் பம்பை அசைக்கும் கேம் உச்சியில் நிற்கும்போது லீவருக்கு ஓட்டம் இருக்காது. என்ஜினைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும். முதலில் ஃபில்டர், அடுத்து பம்ப் ஸ்குரூ, கடைசியில் நாசில் நட்டு என்று வரிசையாக எடுத்தேன்.

வண்டி நாள் முழுக்க ஓடியது. மாமா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் ஐட்லிங்கில் ஒரு சின்ன மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் தடுமாறுவது) இருந்தது காதில் உறுத்தியது. ஓடும் என்ஜினில் ஒவ்வொரு நாசில் நட்டாகத் துணி சுற்றி லேசாகத் தளர்த்தினேன். நல்ல சிலிண்டர் என்றால் தளர்த்தியதும் ஆர்.பி.எம். விழும். ஒன்றிலும் இரண்டிலும் விழுந்தது, மூன்றில் மாற்றமே இல்லை. இதைச் செய்பவர்கள் பீச்சும் டீசலுக்கு நேரே கையைக் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

பிறகு இரண்டாவது நாசிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டேன். மிஸ்ஸிங் இரண்டாவது சிலிண்டருக்குத் தாவிவிட்டது. தாவாமல் மூன்றிலேயே நின்றிருந்தால் வால்வு அல்லது கம்ப்ரெஷன் என்று ஹெட்டைத் திறக்க வேண்டியிருக்கும். டெஸ்டரில் வைத்துப் பார்த்தபோது அந்த நாசில் பனி போல் தூவாமல் ஒழுகியது. புது நாசில் போட்டதும் ஐட்லிங் சீரானது.

பம்ப் இன்னும் அதே இடத்தில், சீல் உடையாமல் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சில நொடிகள் நீலப் புகை வருகிறது. வால்வு சீலா, ரிங்கா என்று ஆயில் குறையும் அளவைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நவரை உழவுக்கு முன் டேப்பெட் இடைவெளியும் (வால்வு இடைவெளி) பார்த்துவிட வேண்டும்.