எதுவும் பழுதாகாத விபத்து

கார்களில் வரும் தானியங்கி ஓட்டுதல் அம்சங்களைப் பாதுகாப்புக் கோணத்தில் ஆய்வு செய்வது என் வேலை. ஆரம்பத்தில் எங்கள் மேசையில் எப்போதும் இருந்தது ஐஎஸ்ஓ 26262 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலை. கேமரா செயலிழந்தால் என்ன ஆகும், பிரேக் கட்டளை போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று பார்ப்போம். 2011இல் வந்த அந்தத் தரநிலை இன்றும் அவசியம்தான். ஆனால் அது கேட்பதெல்லாம் பழுதைப் பற்றி.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். அந்த விசாரணை அறிக்கையைக் குழுவாக உட்கார்ந்து படித்தோம். மோதுவதற்கு 5.6 விநாடிகள் முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. அப்புறம் மென்பொருள் அவரை வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது. வகையை மாற்றியபோதெல்லாம், அவர் அதுவரை நகர்ந்து வந்த தடத்தையும் கைவிட்டது. கடக்குமிடம் அல்லாத இடத்திலும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பது அதன் வடிவமைப்பிலேயே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் சாலையைக் கவனிக்கவில்லை, உண்மைதான். ஆனாலும் என்னை உலுக்கியது வேறு: எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை.

பழுதே இல்லாமல் வரும் ஆபத்து என்ற இந்த இடைவெளிக்காகத்தான் ஐஎஸ்ஓ 21448 என்ற தரநிலை வந்தது, 2022இல். நமக்குத் தெரியாத ஆபத்தான சூழல்களைத் தேடிக் குறைத்துக்கொண்டே வரச் சொல்கிறது. கூட்டங்களில் உடனே எழும் கேள்வி, "சரி, சோதனைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினால் போதும்?" அதற்கு அந்தத் தரநிலை ஒரே எண்ணைத் தருவதில்லை. தராததே நல்லது என்பது என் கருத்து. வெறும் நெடுஞ்சாலையில் ஓட்டியே எந்த எண்ணையும் எட்டிவிடலாம். லாரியின் பின்கதவில் அச்சிட்ட ஆள் படத்தைப் பார்த்துக் கார் பிரேக் போட்ட ஒரு சிறு பதிவு, சும்மா ஓடிய பல நாள் ஓட்டத்தைவிட எங்களுக்கு அதிகம் கற்றுத்தந்தது.

இப்படிப்பட்ட பதிவுகள் அந்தந்த நிறுவனத்துக்குள்ளேயே தங்கிவிடுவதுதான் எனக்கு ஆதங்கம். தானியங்கி அம்சம் இயங்கியபோது நடந்த மோதல்களைத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 2021 ஜூனில் கட்டாயமாக்கியது. நல்ல தொடக்கம். மயிரிழையில் தப்பியவற்றையும் அப்படிப் பகிரச் சொல்லும் விதி எல்லா நாட்டிலும் வர வேண்டும். அப்போதுதான் டெம்பி போன்ற ஒன்றை நாங்கள் விசாரணை அறிக்கையில் படிக்க நேராமல், அதற்கு முன்பே சோதனைத் தடத்தில் பார்த்துவிட முடியும்.