உப்பனாற்றங்கரையில் கண்காணிப்புக் கிணறு போட்ட அனுபவம்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கும் உப்பனாற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் நிறம் என்பார், ஒருவர் வாடை, ஒருவர் உப்பு. அந்தப் பேச்சுக்கு ஆதாரமாக எண்கள் வேண்டும் என்று மண் மாதிரி எடுக்கவும், கண்காணிப்புக் கிணறு (நிலத்தடி நீரை அளக்கவும் மாதிரி எடுக்கவும் மட்டுமே போடும் குழாய்க் கிணறு) போடவும் போன குழுவில் நானும் இருந்தேன். இதே வேலைக்கு வரப்போகும் ஜியாலஜி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மண்ணுக்குக் கை ஆகர்தான், அதாவது கையால் திருகி மண்ணை எடுக்கும் துளைப்பான். மாசு குறைவாக இருக்கும் என்று நினைத்த இடத்தில் தொடங்கி, சந்தேகமான இடத்துக்குக் கடைசியில் போனோம். மேலே மணல், கீழே போகப் போக சாம்பல் நிறக் களி. கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு ஊர் மண் போலத் தெரியும். அரை மீட்டருக்கு ஒருமுறை நிறம், ஈரம், வாடை எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். ஆவியாகக்கூடிய கரைப்பான்களுக்கான மாதிரியை முதலில், கட்டியின் நடுவிலிருந்து, கிளறாமல் பாட்டிலில் அடைக்க வேண்டும். உலோகங்களுக்கானதைப் பிறகு கலந்து எடுக்கலாம். ஒவ்வொரு குழிக்கும் நடுவே ஆகரைச் சோப்பு நீர், நல்ல தண்ணீர், காய்ச்சி வடித்த நீர் என்று கழுவினோம். கடைசியாக அலசிய நீரில் ஒரு பாட்டில் ஆய்வகத்துக்குப் போகும். கழுவியது போதுமா என்று அது சொல்லிவிடும்.

கிணறு போடும்போதுதான் உண்மையான விவாதம் வந்தது. கை போர் போட வந்த மேஸ்திரி சாணி எங்கே என்று கேட்டார். மணல் சரியாமல் இருக்கச் சாணிக் கரைசல் ஊற்றுவது அவர்கள் வழக்கம்.

“சாணி ஊத்தாம குழி எப்படி சார் நிக்கும்? மணலு சரிஞ்சிடும்.”

அவர் சொன்னது நியாயம். ஆனால் சாணி உள்ளே போனால் நுண்ணுயிரி, அமோனியா, கரிமப் பொருள் எல்லாம் கூடவே போகும். நாம் தேடப்போவதையே நாமே ஊற்றியதாக ஆகும். அதனால் குழியின் சுவரைத் தாங்கும் தற்காலிக இரும்புக் கேசிங் குழாயை இறக்கிக்கொண்டே, உள்ளே இருக்கும் மணலை வாரி வெளியே எடுக்கச் சொன்னோம். வேலை மெதுவாகும் என்பதால் கூலியும் கூட்டிக் கொடுத்தோம். துளைபோடும் ராடில் எண்ணெய், கிரீஸ் பூசவும் விடவில்லை. ராடு கையில் அதிர்வதை வைத்தே “களி தட்டிடுச்சி சார்” என்றார் மேஸ்திரி. எடுத்துப் பார்த்தால் களிதான். அங்கேயே நிறுத்திவிட்டோம்.

இந்த இடத்தை மாணவர்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மேல்நீர் கீழே இறங்காமல் தடுப்பது அந்தக் களி அடுக்கு. அதைக் கண்மூடித்தனமாகக் குத்திவிட்டால், மேலே இருக்கும் மாசுக்கு நாமே வழி போட்டுக் கொடுத்துவிடுவோம். ஆழ்நீரையும் பார்க்க வேண்டுமானால், களிக்குள் கேசிங்கைப் பதித்து, சுற்றிலும் சிமெண்ட் இட்டு, அது இறுகிய பிறகு உள்ளே சிறிய துளை போட வேண்டும். செலவு அதிகம்தான், ஆனால் வேறு வழியில்லை.

பைப் 2 அங்குல பிவிசி, மரை வைத்தது. பசை போட்டு ஒட்டக் கூடாது. பசையில் உள்ள கரைப்பான் ஆய்வக முடிவில் வந்து நிற்கும். நீர் உள்ளே வருவதற்காகக் கீறல் போட்ட ஃபில்டர் பைப்பில் ஒரு பகுதி நீர்மட்டத்துக்கு மேலேயும் இருக்கும்படி வைத்தோம். மழைக்காலத்தில் ஏறும் நீரும் கோடையில் இறங்கும் நீரும் அதற்குள் அடங்க வேண்டும். பைப்பைச் சுற்றிச் சலித்துக் கழுவிய பெருமணல், அதன் மேல் நீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பென்டோனைட் களி, அதற்கும் மேல் சிமெண்ட். கொட்டக் கொட்ட எடை கட்டிய டேப்பை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது சிக்கி நின்றால் கீழே வெற்றிடம் விழும், மேல்நீர் பைப்போரமாகவே இறங்கிவிடும்.

கொல்லையில் இடம் கொடுத்த அக்காவுக்கு வருத்தம். “இவ்ளோ செலவு பண்ணி மோட்டார் வைக்காம பூட்டு போடறீங்களே தம்பி?” தினமும் இறைத்தால் வேறெங்கோ இருக்கும் நீர் இழுபட்டு வந்து கணக்கு மாறிவிடும் என்று விளக்கினேன். “அப்ப எங்க போர் தண்ணியையும் பாருங்க” என்றார். அது நியாயமான கேள்வி. அவருடைய போரையும் பட்டியலில் சேர்த்தோம்.

தண்ணீர் தெளியும்வரை கிணற்றை இறைத்துவிட்டு, சில நாள் ஆறவிட்டோம். 2 அங்குலப் பைப்பில் மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர் நிற்கும். அந்தக் கொள்ளளவில் மூன்று மடங்கை இறைத்து, பிஎச்சும் மின்கடத்துத்திறனும் நிலையான பிறகுதான் மாதிரி எடுத்தோம். கரைந்த உலோகங்களுக்கு 0.45 மைக்ரான் வடிகட்டி, பிறகு நைட்ரிக் அமிலம். கரைப்பான்களுக்கு 40 மில்லி கண்ணாடிக் குப்பி. மூடியபின் தலைகீழாகத் தட்டிப் பார்த்துக் குமிழி தெரிந்தால் அது கணக்கில் இல்லை. பிறகு எல்லாம் ஐஸ் பெட்டிக்குள்.

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய மூன்று கிணறாவது முக்கோணமாக வேண்டும். பைப் வாயின் உயரத்தை ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியில் எடுத்தோம். உப்பனாற்றில் கடல் ஏற்ற இறக்கம் உண்டு என்பதால், காலையில் ஒரு கிணறு, மாலையில் ஒன்று என்று அளந்தால் திசையே மாறித் தெரியலாம். ஆளுக்கொரு கிணறாக நின்று ஒரே நேரத்தில் அளந்தோம்.

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஜனவரியில் அதே கிணறுகளில், அதே முறையில் மறுபடி மாதிரி எடுப்போம். அக்காவின் போர் முடிவைத் தமிழில் எழுதி அவர் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.