விமானம் ஏறும் முன் ஒரு மார்கழிச் சுற்று

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஐந்தாறு மாதம் அங்கே தங்கக் கணவனும் மனைவியுமாகக் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல், சொந்த ஊரில் இரண்டு நாள், ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட ராமேஸ்வரம் என்று ஒரு சுற்றுப் போய்வர நினைக்காத வீடு இல்லை. ஜனவரி கடைசியில் விமானம் என்றால் அந்தச் சுற்று மார்கழியில் வந்து விழும். வெயில் உறைக்காது, கோயில்கள் விடியலிலேயே திறந்திருக்கும், வயல் பச்சையாக இருக்கும். ஊர் சுற்ற இதைவிட நல்ல மாதம் தமிழ்நாட்டில் கிடையாது. ரயிலும் அறையும் கிடைக்காத மாதமும் இதுதான்.

பலரும் சுற்று தொடங்கும் தேதியை முதலில் குறிக்கிறார்கள். முதலில் குறிக்க வேண்டியது வீடு திரும்பும் தேதி. விமான நாளிலிருந்து பின்னோக்கி 14 நாள் எண்ணுங்கள். அந்த நாளில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

காரணம் உடம்புதான். மழைக்காலம் முடிகிற நேரத்தில் டெல்டாவிலும் தென்மாவட்டங்களிலும் டெங்கு இருக்கும். கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் காட்டும். தேங்கிய நீரில் செருப்பில்லாமல் நடந்து எலிக்காய்ச்சல் தொற்றினாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஊர் சுற்றி வந்த மூன்றாம் நாள் விமானம் ஏறினால், காய்ச்சல் அங்கே போய் இறங்கிய பிறகுதான் வரும். அங்கே பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில் முதலில் இவ்வளவு டாலர் நம் கையிலிருந்து போக வேண்டும் என்று இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களைப் பெரும்பாலான காப்பீடு சேர்க்காது, சேர்த்தாலும் வரம்போடுதான். அதே காய்ச்சல் இங்கே வந்தால் தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்துத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். அந்த 14 நாள் அதற்காகத்தான்.

இனி எந்த வாரம் என்பது. டிசம்பர் முதல் மூன்று வாரம் வடகிழக்குப் பருவமழையின் பிடியில் இருக்கும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடிக்கிடந்தது. அதே மாதம் 17, 18இல் தூத்துக்குடி, திருநெல்வேலியில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரம் அருகே விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே பாலத்தை வெள்ளம் எட்ட, தென்மாவட்ட ரயில்கள் வரிசையாக ரத்தாயின. சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, கும்பகோணம் எங்கே போவதானாலும் விழுப்புரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே தண்ணீர் நின்றால் தெற்கு முழுக்க நிற்கும்.

மழை குறைகிறது என்று டிசம்பர் 24க்குப் பிறகு கிளம்பினால் அரையாண்டு விடுமுறை. ஊட்டி, கொடைக்கானல், ராமேஸ்வரம் எங்கும் அறை வாடகை ஏறியிருக்கும். ஜனவரி 12 முதல் பொங்கல் கூட்டம். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது, பள்ளி திறந்ததிலிருந்து ஜனவரி 11 வரை உள்ள ஏழெட்டு நாள். எங்கள் கணக்கில் ஆண்டிலேயே சிறந்த வாரம் அதுதான். 11ஆம் தேதி வீடு திரும்பினால் 25க்குப் பிறகு எந்த நாளிலும் விமானம் ஏறலாம். பொங்கலையும் சொந்த வீட்டில் வைத்துவிடலாம். ஆனாலும் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். 2021 ஜனவரியில் பொங்கல் வரைக்கும் மழை பெய்து அறுவடைக்கு நின்ற நெல்லையே சாய்த்தது.

ஒரு சிக்கல் உண்டு. சொர்க்கவாசல் திறப்பும் ஆருத்ரா தரிசனமும் ஆண்டுக்காண்டு தேதி மாறும். 2025இல் ஆருத்ரா ஜனவரி 13. 2026இல் ஜனவரி 3. சிதம்பரமும் ஸ்ரீரங்கமும் உங்கள் வழியில் இருந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் விலகிப் போங்கள். அந்தக் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் அந்த ஒன்றுக்காக மட்டும் தனியாகப் போய்வரட்டும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பர் 1க்கு முன் இருந்த 120 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். ஜனவரி 5ஆம் தேதி ரயிலுக்கு நவம்பர் 6 காலை 8 மணி. ரயில் டிக்கெட் தளமான ஐஆர்சிடிசியில் ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாவிட்டால் முன்பதிவு திறந்தவுடன் போடவும் முடியாது, தட்கலும் போட முடியாது. அதை அக்டோபரிலேயே முடித்து வையுங்கள். காத்திருப்போர் பட்டியலில் உள்ள டிக்கெட்டோடு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏற முடியாது. முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான். லோயர் பெர்த் ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது: ஆணுக்கு 60 வயது, பெண்ணுக்கு 45. போடும்போது பொது ஒதுக்கீட்டை விட்டு மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் இந்த ஒதுக்கீடு கிடையாது. மச்சினர் குடும்பமும் கூட வருகிறதென்று ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அப்பர் பெர்த் வந்து நிற்கும். நீங்கள் இருவரும் தனி டிக்கெட் போடுங்கள். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஏறாமல், அது கிளம்பும் முன் டிடிஆர் என்கிற, பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிவு செய்தால் முழுப் பணமும் திரும்பும். மழை நாளில் இது உதவும்.

கையில் வைத்திருக்க வேண்டிய அடையாள அட்டை ஆதார். பாஸ்போர்ட் வீட்டு பீரோவைத் தாண்டக் கூடாது. விடுதிக்காரர் கேட்டாலும் ஆதார் போதும். ஈரத் துணிப் பையில் நனைந்து ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் சேதமடைந்த பாஸ்போர்ட் என்று புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். அதில் இருந்த விசாவின் கதை அதற்கு மேல் தலைவலி.

சுற்றுக்கு முன்பே முடிக்க வேண்டியவை பற்களும் தடுப்பூசியும். வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை உட்கார வேண்டும், அதற்கு மேல் பல்லுக்கு மாட்டும் கேப் வந்து சேர ஒரு வாரம் ஆகும். டிசம்பர் தொடக்கத்தில் பல் மருத்துவரைப் பார்த்தால்தான் ஜனவரியில் நிம்மதி. வெளிநாட்டுக் காப்பீட்டில் பல் சிகிச்சை பெரும்பாலும் வராது. ஃப்ளூ ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் அதையும் டிசம்பரிலேயே போட்டுக்கொள்வது நல்லது. மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் வாழ்நாள் சான்றை நவம்பரிலேயே கொடுத்திருப்பார்கள். ஜீவன் பிரமான் செயலியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். சொந்த ஊர்க் கிளையில் கணக்கு இருந்தால் இந்தச் சுற்றிலேயே நேரில் போய் கேஒய்சி, நாமினி, 'இருவரில் எவரேனும்' என்ற கணக்கு முறை மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது.

வழியை எப்படிப் போட்டாலும் குலதெய்வம் முதல் நாள். மழையோ உடம்போ சுற்றை வெட்டினால் மற்றதை விடலாம், இதை விட மனம் வராது. சிறு கோயில்களில் பூசாரி வேறு வேலைக்குப் போகிறவர்; முன்கூட்டியே போனில் சொல்லாமல் போனால் பூட்டிய கதவைத்தான் கும்பிட்டு வர வேண்டும். மார்கழியில் அங்கே கிடைக்கிற விறகு ஈரமாக இருக்கும், ஊதி ஊதிக் கண் எரியும். காய்ந்த தென்னம்பாளையும் பன்னாடையும் ஒரு சாக்கு நிறையக் காரிலேயே கொண்டுபோங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு அரைக் கிலோ பச்சரிசி, 125 கிராம் பாசிப்பருப்பு, ஒரு கிலோ வெல்லம், அரிசிக்கு ஐந்து பங்கு தண்ணீர். பொங்கி வழிய இடம் வேண்டும் என்பதால் இதற்கு ஐந்து லிட்டர் பானை. அரிசி விரலில் மசிந்த பிறகுதான் வெல்லம். முன்னாலேயே போட்டால் அரிசி அப்படியே நறுக்கென்று நின்றுவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் வேகாது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டியே ஊற்றுங்கள், மண் இருக்கும்.

அடுத்த மூன்று இரவும் கும்பகோணத்திலேயே. தினம் ஒரு ஊர் என்று பெட்டியைத் தூக்கித் திரிவதில் அறுபது வயதுக்கு மேல் முதுகுதான் போகும். தாராசுரம் 4 கிலோமீட்டர், தஞ்சாவூர் 40, கங்கைகொண்ட சோழபுரம் 35 அளவில். சோழர்களின் மூன்று பெருங்கோயில்களும் ஒரே அறையிலிருந்து முடியும். தினம் அதிகாலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில். நண்பகல் 12, 12.30க்கு நடை சாத்தினால் 4 மணி வரை திறக்காத கோயில்களே அதிகம். அந்த நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும். பல கோயில்களில் செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் ஒருவர் ஒரு வரிசையிலும் மற்றவர் வேறு வரிசையிலும் போய்விட்டால் கூப்பிட வழியில்லை. உள்ளே போகும் முன்பே 'பிரிந்தால் கொடிமரத்தடி' என்று பேசிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் எண்ணை இருவரும் தாளில் எழுதி வைத்திருங்கள். விமானத்துக்கு வாங்கிய ஷூவை இந்தச் சுற்றிலேயே போட்டுப் பழகுங்கள். கயிறு கட்டாத, காலை நுழைத்தால் போதும் என்கிற வகை கோயில் வாசலுக்கும் பொருந்தும், நீண்ட விமானப் பயணத்தில் கால் வீங்கும்போதும் பொருந்தும்.

ராமேஸ்வரத்துக்குக் காரைக்குடி வழியாகப் போவது நல்லது. தாம்பரத்திலிருந்து மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்குடி வழியாக ஓடும் விரைவு ரயில், புதிய பாம்பன் பாலம் திறந்த 2025 ஏப்ரல் 6 அன்றே தொடங்கியது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலைப் பாலத்தில் விடமாட்டார்கள். அப்படி நின்றால் மண்டபத்தில் இறங்கிச் சாலைப் பாலம் வழியாகப் பேருந்தில் போய்விடலாம். ஐயப்ப பக்தர்களின் வேன்கள் ஜனவரி நடுப்பகுதி வரை ராமேஸ்வரத்துக்கு வந்துகொண்டே இருக்கும். அறையை முன்கூட்டியே பிடியுங்கள், கிழக்குக் கோபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில்.

அங்கே பெரியவர்களுக்கு உடம்பு கெடுவது தீர்த்தத்தில்தான். முதலில் அக்னி தீர்த்தக் கடல், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். ஒவ்வொன்றிலும் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். நனைந்த துணியோடு, வழுக்கும் கல்தரையில், மார்கழிக் காற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஈரத் துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். அதனால் மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கையோடு கொண்டுபோக வேண்டும், அல்லது அறைக்கு ஓடிவந்து மாற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். பருத்திப் புடவை உடம்போடு ஒட்டி நடையைத் தடுக்கும். சீக்கிரம் காயும் மெல்லிய சிந்தெடிக் துணி நல்லது. காது கேட்கும் கருவியையும் கைக்கடிகாரத்தையும் அறையிலேயே வையுங்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள், அந்த நீரை விழுங்க வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்களும், ஸ்டென்ட் வைத்தவர்களும் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். 22இலும் நனைந்தே ஆக வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் மற்றவர் நனையாமல் துணியும் துண்டும் வைத்துக்கொண்டு கூட நடக்கட்டும். இருவருக்கும் சேர்ந்து காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

திரும்பும் வழியில் காரைக்குடியில் பலகாரம் வாங்கும் ஆசை வரும். ஜனவரி 9இல் வாங்கிய முறுக்கும் சீப்புச்சீடையும் 25ஆம் தேதிக்குள் நமுத்து, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிவிடும். கடையில் ருசி பார்த்து முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். விமானத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் போட்டுக் கூரியரில் அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். ஊரிலிருந்து கட்டிக்கொடுக்கிற புது அரிசியையும் தோட்டத்துக் கறிவேப்பிலையையும் மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். இரண்டையும் அமெரிக்க விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள்: அரிசியில் வரும் கப்ரா வண்டு ஒன்று, கறிவேப்பிலையில் ஒட்டியிருக்கும், எலுமிச்சை இன மரங்களைக் கெடுக்கும் பூச்சி மற்றொன்று. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி கொண்டுபோகலாம். சுங்கப் படிவத்திலோ அதிகாரி கேட்கும்போதோ உணவு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அவர்கள் எடுத்துக்கொண்டால் பொருள் மட்டும் போகும், மறைத்துப் பிடிபட்டால் அபராதம்.