வரட்டும்

"நிறுத்தவா சார், ஓட்டவா?"

வாக்கிடாக்கியில் போர்மேன் அண்ணன் கேட்டபோது மணி பத்தேகால். "ரீடிங் வரட்டும்ணே" என்றேன். நிறுத்து என்றும் சொல்லவில்லை, ஓட்டு என்றும் சொல்லவில்லை. ஓடுகிற எக்ஸ்கவேட்டருக்கு இரண்டும் சொல்லாவிட்டால் அது ஓடும். அன்று அது பகல் ஒன்றரை மணிவரை ஓடியது.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் ஒரு கட்டடத்துக்காக ஆழமாகத் தோண்டும் குழி, சுற்றுமண் உள்ளே சரியாமல் தடுக்க ஒரு சுவர். குழிப்பக்கமாக அந்தச் சுவரின் நகர்வு முந்தைய நாள்வரை 41 மில்லிமீட்டர். அன்று காலைத் தாளில் 51. நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை என்று நகர்ந்துகொண்டிருந்த சுவர் ஒரே இரவில் பத்து நகர்ந்திருக்கிறது என்கிறது தாள். அந்தக் குழிக்கு வேலையை நிறுத்தும் எல்லை 60. அதில் 70 விழுக்காடான 42 எச்சரிக்கை எல்லை. 51 என்பது எச்சரிக்கையைத் தாண்டியது, நிறுத்த எல்லையைத் தொடாதது. முடிவெடுப்பவனுக்கு இதைவிட மோசமான எண் கிடையாது. 61 என்று வந்திருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

கருவி பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டால், "அண்ணா, இன்னிக்கு வேற ப்ரோப். நம்மளுது அடுத்த சைட்டுக்குப் போயிருக்கு" என்றான். சாய்வை அளக்க மண்ணுக்குள் இறக்கும் கருவிதான் ப்ரோப். கருவி வேறு என்றால் அந்தப் பத்து பொய்யாக இருக்கலாம். எனக்கு உடனே உயிர் வந்தது. இன்றுவரை என்னை உறுத்துவது அந்த நிம்மதி.

ப்ரோபை இறக்கி அளக்கும் இந்த இன்க்ளினோமீட்டர் எப்படிப் பொய் சொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சுவருக்குப் பின்னால் துளையிட்டு இறக்கிய உறைக்குள் நான்கு பள்ளங்கள். அவற்றில் ஒரு ஜோடியில் சக்கரம் வைத்த ப்ரோபை அடிவரை இறக்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்திச் சாய்வை எடுத்துக்கொண்டே மேலே வரவேண்டும். 40 மீட்டர் உறைக்கு 80 அளவுகள். பிறகு ப்ரோபை 180 பாகை திருப்பி மறுபடி 80. இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் ப்ரோபின் உள்பிழை அடிபட்டுப் போகும். இரண்டையும் கூட்டினால் எல்லா ஆழத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வரவேண்டும். வராவிட்டால் அந்த அளவைக் குப்பையில் போடலாம். இதில் கருவி நகர்வை அளப்பதில்லை, சாய்வை மட்டுமே அளக்கிறது. அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வந்து நகர்வாக்குவது நாம். கீழே நடந்த சின்னத் தவறுகூட மேலே வரும்போது வட்டி போட்டு வளர்ந்திருக்கும்.

கேபிளில் ஒரு குறியைத் தப்பாகப் பிடித்தால் பொய். அடியில் இறக்கியதும் பத்து நிமிடம் காத்திருந்து ப்ரோபை நிலத்தின் வெப்பத்துக்கு வரவிடாமல் அவசரப்பட்டால் பொய். உறையின் அடி கெட்டிமண்ணில் ஊன்றாமல் மரைன் க்ளே என்ற மெத்தென்ற கடல் களிமண்ணில் நின்றுவிட்டால் அடியே நகரும். 'அடி நகராது' என்ற நம் கணக்கு சுவரின் நகர்வைக் குறைத்துக் காட்டும். அதனால்தான் உறையின் தலையை டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் தனியாகப் பார்க்கச் சொல்வது. ப்ரோபை மாற்றுவதில் உள்ள சிக்கல் வேறு. உறை நேராக இறங்கியிருந்தால் பெரிய வித்தியாசம் வராது. எங்கள் உறை பக்கவாட்டில், சுவருக்கு இணையான திசையில், 400 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. புதிய ப்ரோபுக்குள் சென்சார் ஒரே ஒரு பாகை திரும்பி உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சாய்வில் 7 மில்லிமீட்டர் சுவரின் நகர்வாக வேடம் போட்டுக்கொண்டு வரும்.

இந்தக் கணக்கை அன்று காலை மனத்துக்குள் போட்டு முடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தெரியாதவன் ஒருவன் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் பயந்துபோய் நிறுத்தியிருப்பான். எனக்குத் தெரியும், அதனால் நிறுத்தவில்லை. அனுபவம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு பங்கு, எண்ணை நம்பாமல் இருப்பதற்கான காரணங்களின் கையிருப்பு என்று யோசிக்கிறேன்.

சுவர் உள்ளே சாயாமல் குழிக்குக் குறுக்கே முட்டுக்கொடுக்கும் இரும்பு பீம்தான் ஸ்ட்ரட். மூன்றாம் அடுக்கு ஸ்ட்ரட்டின் சுமையும் ஒன்பது டன் ஏறியிருந்தது. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: வெயில். இரும்பு ஒரு பாகை சூடானால் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். நீளவிடாமல் இரு முனையிலும் இறுக்கிப் பிடித்தால், பத்து பாகைக்குச் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 25 நியூட்டன் அழுத்தம். 400க்கு 400 எச்-பீமின் வெட்டுப்பரப்பு சுமார் 22,000 சதுர மில்லிமீட்டர், ஆக ஒரு பீமுக்கு ஐம்பது டன்னுக்கு மேல். சுவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் நிஜத்தில் அதில் ஒரு பங்குதான் ஏறும். அந்தக் கணக்கில் ஒன்பது டன் ஒன்றுமே இல்லை. இதுவும் உண்மைதான். ஆனால் வெயிலின் பங்கைப் பிரிக்க வேண்டுமென்றால் விடியற்காலை அளவை முந்தைய விடியற்காலை அளவோடு ஒப்பிட வேண்டும். அதை நான் மறுநாள்தான் செய்தேன்.

சிங்கப்பூரில் குழி தோண்டுகிற யாருக்கும் 2004 ஏப்ரல் 20ஐச் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டப்பாதை ரயிலுக்காகத் தோண்டிய முப்பது மீட்டர் ஆழக் குழி சரிந்து, நிக்கல் நெடுஞ்சாலை உள்ளே இறங்கி, நான்கு பேர் இறந்தார்கள். ஸ்ட்ரட்டும், அதன் முனையைத் தாங்கச் சுவரோடு கிடையாக ஓடும் வேலர் பீமும் சேருமிடம் தாங்கவில்லை, மரைன் க்ளேயின் வலிமையைக் கணக்கு மிகையாக எடுத்திருந்தது என்பவை எல்லாருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதிகம் நினைவிருப்பது வேறு. அளவுகள் எல்லையைத் தாண்டியபோது, திரும்பக் கணக்குப் போட்டு எல்லைகளையே உயர்த்தினார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. அன்று காலையிலிருந்தே குழிக்குள் இரும்பு சத்தம் போட்டதைத் தொழிலாளர்கள் கேட்டிருந்தார்கள். பிற்பகல் மூன்றரைக்குச் சரிந்தது.

எங்கள் குழியில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இதையும் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் இருந்தது ஏசி ஓடும் கன்டெய்னர் ஆபீஸில்.

பழைய ப்ரோபை அடுத்த சைட்டிலிருந்து லாரியில் வரவழைத்து, தம்பி 160 அளவுகளையும் எடுத்து முடித்தபோது பகல் மணி ஒன்றரை. 44 என்று வந்தது. ஏழு மில்லிமீட்டர் ப்ரோபின் பொய், நான் போட்ட கணக்கு அப்படியே. ஆபீஸில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். யாரோ கோப்பி வாங்கி வந்தார்கள்.

44 என்பதும் 42ஐத் தாண்டியதுதான். ஒரு நாளில் மூன்று மில்லிமீட்டர் என்பது வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு. 51ஐப் பார்க்காமல் நேராக 44 வந்திருந்தால் அன்று பகல் முழுக்கக் கூட்டம் நடந்திருக்கும். பத்து என்று பயந்தவனுக்கு மூன்று பரிசாகத் தெரிந்தது. எச்சரிக்கைக் கடிதம் முறைப்படி பொறுப்புப் பொறியாளரான க்யூபிக்குப் போனது, தினசரி அளவு இருவேளை ஆனது, கோப்பில் குறை சொல்ல எதுவுமில்லை.

மண்ணுக்கு வருவோம். அந்த மூன்றே கால் மணி நேரத்தில் 22 லாரி மண் வெளியேறியது. அள்ளிய மண் உப்பும். லாரிக்கு எட்டு கன மீட்டர் என்று வைத்தால் நிலத்தில் அது 135 கன மீட்டர் போல. பத்துக்கு முப்பது மீட்டர் பகுதியில் 45 சென்டிமீட்டர் ஆழம். பத்தேகாலுக்குத் தோண்டல் நான்காம் அடுக்கு ஸ்ட்ரட் மட்டத்துக்குக் கீழே 30 சென்டிமீட்டரில் இருந்தது. வரைபடத்தில் அனுமதித்தது 50. ஒன்றரைக்கு 75. இரவோடு இரவாக ஸ்ட்ரட்டை இறக்கி, ஜாக் வைத்து முன்சுமை ஏற்றி, ஆப்பு அடித்தபோது சுவர் 49இல் நின்றது.

அந்த 44க்கும் 49க்கும் இடையில் உள்ள ஐந்தில் எவ்வளவு என்னுடையது? ஸ்ட்ரட் போடும்வரை க்ளே சும்மா இருக்காது, தோண்டாவிட்டாலும் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும். நிறுத்தியிருந்தாலும் இரண்டோ மூன்றோ வந்திருக்கும் என்று சொல்லலாம். வந்திருக்காது என்றும் சொல்லலாம். கூடுதலாகத் தோண்டிய 25 சென்டிமீட்டரின் பங்கைப் பிரித்துக் காட்ட எந்த மென்பொருளாலும் முடியாது. காட்டினால் அதைப் போட்டவருக்கு எந்த விடை வேண்டியிருந்ததோ அதைத்தான் காட்டும்.

அண்ணன் கேட்டது நிறுத்தவா, ஓட்டவா என்று. சரியான பதில் இரண்டுமில்லை. 'தோண்டுறத விடுங்க, ஸ்ட்ரட்ட இறக்குங்க' என்பதுதான். வேலர் சுவரில் ஏறியிருந்தது. வெட்டிய பீம்கள் மேல்தளத்தில் கிடந்தன. க்ரேன் சும்மா நின்றது. கருவியின் பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் குழியில் என்ன செய்யலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. இப்படி எழுதும்போதே இன்னொன்று குறுக்கே வருகிறது. 30 சென்டிமீட்டர் இடைவெளியில் வெல்டர் குனிந்து அடிப்பக்க பிராக்கெட்டைப் பற்றவைக்க முடியாது, எப்படியும் 50 வரை தோண்டித்தான் ஆகவேண்டும். ஆக ஓட்டியதும் பாதி சரி. அந்தப் பாதி எந்த மணியில் முடிந்தது என்பதுதான் கேள்வி. பதினொன்றே முக்காலாக இருக்கலாம். அப்போது நான் ப்ரோப் வரும் லாரி எங்கே இருக்கிறது என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தெருவுக்கு எதிரே கடைவீடுகள் வரிசை. நகரத்தின் இந்தப் பக்கம் முழுக்க இப்படித்தான், பழைய கடற்கரைக் கோட்டுக்கு இப்பால் கடலைத் தூர்த்த நிலம். டெலோக் ஆயர் தெரு ஒருகாலத்தில் கரை. 1830ஐ ஒட்டித் தென்னிந்திய முஸ்லிம்களான சூலியாக்கள் அங்கே நாகூர் தர்கா கட்டியபோது எதிரில் அலை அடித்தது. இன்று அங்கிருந்து கடலைப் பார்க்க முடியாது, நடுவில் கோபுரங்கள். விமானப் பாதைக்காக 280 மீட்டர் என்று இருந்த உயரத்தில் மூன்று கட்டடங்கள் தலைதட்டி நின்ற காலம் போய், 2016இல் தஞ்சோங் பகாரில் 290 வந்தது. 1986இல் கட்டிய 235 மீட்டர் கோபுரத்தை ஷென்டன் வேயில் இடித்துவிட்டு 305 மீட்டருக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டு தாண்டிய அலுவலகக் கட்டடத்தை இடித்துக் குடியிருப்பும் சேர்த்துக் கட்டினால் கூடுதல் தளப்பரப்பு என்று 2019இல் அறிவித்ததிலிருந்து இந்த வேலை ஓயவில்லை. புதிதாகக் கட்டுவது என்றாலும் எங்களுக்கு முதல் எதிரி பழையதுதான். பழைய கட்டடம் விட்டுப்போன பைல்கள், அதாவது மண்ணுக்குள் இறங்கிய அடித்தளத் தூண்கள், புதிய சுவரின் பாதையில் குறுக்கே நிற்கும். உறைக்குழாயைத் திருகி இறக்கி ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய துளையைச் சரியாக நிரப்பாவிட்டால் பக்கத்து மண் அங்கே போய் உட்காரும். அதற்குக் கீழே பாறாங்கற்கள் புதைந்த கெட்டிக் களிமண். இவை எல்லாவற்றின் அதிர்வையும் வாங்கிக்கொண்டு, ஆழமில்லாத அடித்தளத்தில், எதிரே அந்தக் கடைவீடுகள்.

அவற்றில் ஒன்றின் பின்சுவரில் ஏற்கெனவே 0.3 மில்லிமீட்டர் விரிசல். வேலை தொடங்குமுன் எடுத்த படத்திலும் இருக்கிறது. அந்த வாரக் கடைசியில் 0.5. ஐந்து மீட்டர் இடைவெளித் தூண்களில் ஒன்று மற்றதைவிட 10 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் ஐந்நூறில் ஒன்று, நாங்கள் தாண்டாமல் பார்த்துக்கொள்கிற அளவு அது. அங்கே பதிவானது 3. சுவரின் நகர்வால் இறங்கியதா, பகுதி பகுதியாக மண்ணுக்குள் வார்த்த எங்கள் டயாஃப்ரம் சுவரின் இணைப்பில் கசிந்து நிலத்தடி நீர் குறைந்ததாலா? பீசோமீட்டரில் நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கியிருந்ததும் உண்மை. க்ளேயில் ஒரு மீட்டர் நீர் குறைந்தால் சதுர மீட்டருக்கு ஒரு டன் பாரம் புதிதாக ஏற்றியதற்குச் சமம், மாதக்கணக்கில் இறங்கும். காரணம் நீர் என்று அறிக்கையில் எழுதினோம். எழுதியதில் பொய் இல்லை. வீட்டுக்காரப் பாட்டி மேலும் விரிகிறதா என்று பார்க்க விரிசலில் ஒட்டிய கண்ணாடித் துண்டைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு ஹொக்கியன் தெரியாது. தலையாட்டினேன்.

தினசரித் தாளில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அன்றைய கட்டத்தில் 'ப்ரோப் மாற்றத்தால் பிழை, மறு அளவு 44' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பத்தேகாலுக்கும் ஒன்றரைக்கும் நடுவே என்ன நடந்தது என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து இன்னோர் உறையில் ஒரே நாளில் நான்கு காட்டியது. நான் வாக்கிடாக்கியை எடுக்குமுன் அதுவே பேசியது. "நிறுத்திட்டேன் சார். ஓட்டணும்னா சொல்லுங்க." அன்றைய நான்கு வெறும் கேபிள் குறித் தவறு. அரை நாள் போனது, ஆறு பேருக்கு ஓவர்டைம் போனது, ப்ராஜெக்ட் மேனேஜர் என்னிடம்தான் கேட்டார். அண்ணனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. மாலை பஸ்ஸில் ஏறும்போது, "நாலு இல்லையாமே சார்?" என்றார். இல்லண்ணே, ஒண்ணுதான் என்றேன். சரி என்று பின்சீட்டுக்குப் போய்விட்டார்.