ஆடிக்கு முன் சில நாட்கள்

4 ஜூன் 2023, ஞாயிறு
குவேக்கர் கூட்டம் முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை நடத்தும் கிளார்க்கிடம் கேட்டே விட்டேன், மௌனமாக உட்கார்ந்து வழிபடும் இந்தக் கிறிஸ்தவர்களோடு உறுப்பினராகச் சேர என்ன செய்ய வேண்டும் என்று. கடிதம் எழுதிக் கொடுத்தால் போதுமாம். ஞானஸ்நானம் கிடையாது, விசுவாசப் பிரமாணம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஏன் சேர விரும்புகிறேன் என்று என் சொற்களில் எழுத வேண்டும். பிறகு இரண்டு 'நண்பர்கள்' (குவேக்கர்கள் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள்) வீட்டுக்கு வந்து பேசுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு மாதக் கூட்டம் முடிவு செய்யும். வாக்கெடுப்பும் இல்லை.

டாக்சியில், தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் பக்கத்தில் இந்தியர்கள் அதிகம் வாழும் எங்கள் ஃபீனிக்ஸ் வரும்வரை முதல் வரியை யோசித்தேன்.

7 ஜூன்
எழுதவில்லை.

11 ஜூன், ஞாயிறு
ஒரு மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மற்றவர்களுக்கு அந்த மௌனத்தில் என்ன கிடைக்கிறதோ, எனக்குப் பச்சைக் கம்பளிச் சட்டைதான் வருகிறது.

14 ஜூன்
அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "நீயும் வேதக்காரியாகப் போகிறாயா?" என்று ஒரே கேள்வி. சித்தி சபையில் சேர்ந்த வருஷம், சாமி படங்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். முருகன் படத்தின் கண்ணாடி உடைந்திருந்தது. அம்மா அதைத் துடைத்து மாட்டியது எனக்கு நினைவிருக்கிறது. விளக்கை யாரும் அணைக்கச் சொல்லவில்லை அம்மா என்றேன். "ஆடிக் கூழுக்கு நிற்பாயா, மாட்டாயா?" என்றார். நிற்பேன் என்றேன். அவர் நம்பவில்லை.

20 ஜூன்
மின்வெட்டு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அரைப்பக்கம் எழுதினேன். 'அமைதி' என்ற சொல் மூன்று இடத்தில் வந்திருந்தது. மூன்றையும் அடித்துவிட்டேன்.

இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு 1660இல் குவேக்கர்கள் கொடுத்த அறிக்கையைத் திரும்பவும் படித்தேன். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுப்பதில்லை என்கிறார்கள். நானும் எடுக்கவில்லை. தேநீர்தான் போட்டேன். ஒரு இரவுக்கு ஐந்து பிளாஸ்க், இஞ்சி தட்டிப்போட்டு.

25 ஜூன், ஞாயிறு
கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அதில் அது இல்லை.

2 ஜூலை, ஞாயிறு
வரப்போகும் இருவர் யாரென்று சொன்னார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மற்றவர் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கறுப்பர் குடியிருப்பான இனாண்டாவில் பிறந்து வளர்ந்த பெரியவர். எப்போதும் என் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்தான். கூட்டம் முடிந்ததும் முதலில் என் கையைப் பிடிப்பவரும் அவர்தான்.

9 ஜூலை, ஞாயிறு
போகவில்லை. தலைவலி என்று செய்தி அனுப்பினேன். பொய். சத்தியம் செய்வதே தவறு, எப்போதும் உண்மைதானே பேச வேண்டும் என்பவர்களிடம் போய்ப் பொய்.

12 ஜூலை
2021 ஜூலைக் கலவரம் நடந்து இரண்டு வருஷம். அன்று கடைகள் எரிந்த புகை சமையலறைவரை வந்தது. உதவிக்கு ஒருவரும் வரவில்லை. தெருமுனையில் டயர்களை அடுக்கி ஆண்கள் காவல் நின்றார்கள், தம்பியும் நின்றான். பயம் உண்மைதான். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மனிதர் ஓடி வரவில்லை, நடந்து வந்தார். கையில் ஒரு பை, பைக்குள் ரொட்டி. ஒரு காலில்தான் செருப்பு. அவரை நிறுத்தினார்கள். ஜன்னலில் நான் நிற்பதைப் பார்த்து, "மாமா" என்றார். ஜூலு மொழியில் அது அம்மா. நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, தேயிலையைப் போட்டேன்.

ஃபீனிக்ஸில் 36 பேர் இறந்தார்கள் என்றார்கள். செய்தியில் படங்கள் வரும்போதெல்லாம் சட்டையைத்தான் தேடினேன்.

13 ஜூலை
வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

15 ஜூலை, சனி
வந்தார்கள். அம்மாவே முறுக்கும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். மூவரும் முதலில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். எப்படித் தொடங்குவது என்று மனப்பாடம் செய்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. ஜன்னலைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிரியை என் முழங்கையைத் தொட்டார். பெரியவர் தொடவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"யாரிடமாவது கேட்டீர்களா?"

16 ஜூலை, ஞாயிறு
இன்றும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

17 ஜூலை, ஆடி 1
அம்மா கூழுக்கு மாவு கரைத்து வைத்திருக்கிறார். தம்பி அண்டாவை இறக்கிக் கொடுக்க வந்தான். பின்கட்டில் அவன் தனியாக நின்றபோது கேட்டேன். அண்டாவைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.